சாசனத்தில் சமம், சபையில் வரிசை



ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தைக் கையில் எடுக்கிறவர்கள், அதன் 2-ஆம் ஷரத்தின் முதற் பிரிவிலேயே, இந்த ஸ்தாபனம் தன் அங்கத்தினர் அனைவரும் இறைமையில் சமமானவர்கள் என்ற தத்துவத்தின் மேல் நிற்பதாக எழுதியிருக்கக் காண்பார்கள். அங்கிருந்து சில பக்கங்கள் புரட்டி 23-ஆம் ஷரத்துக்கு வந்தால், பாதுகாப்புச் சபையில் நிரந்தர ஸ்தானம் பெற்ற ஐந்து நாடுகளின் பெயர்கள் இருக்கும். 27-ஆம் ஷரத்தில், அந்த ஐவருள் ஒருவர் வேண்டாம் என்றாலும் முக்கியமான தீர்மானம் எதுவும் நிறைவேறாது என்ற வீட்டோ ஏற்பாடு இருக்கும். 108-ஆம் ஷரத்திலோ, உலக நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றுகூடி விரும்பினாலும், அந்த ஐவரின் சம்மதமும் சேராமல் சாசனத்தில் ஓர் எழுத்தையும் திருத்த முடியாது என்ற பூட்டும் இருக்கும். சமத்துவத்தைப் பிரகடனம் செய்வதும் ஏற்றத்தாழ்வைச் சட்டமாக்குவதும் ஒரே ஏடுதான். 1945 ஜூன் 26-ஆம் தேதி ஒரே கைகள்தாம் அதில் ஒப்பமிட்டன. இந்த முரண்பாடு எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, அதனிடம் நாம் எத்தகைய மனப்பான்மை கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நாடுகளின் சமத்துவம் என்பது வெறும் பாசாங்கு, வல்லவன் வகுத்ததே வாய்க்கால் என்று சொல்லிக் கைகழுவுகிறவர்கள் ஒரு சாரார். சாசனத்தில் எழுதிய பிறகு சமத்துவம் வந்துவிட்டது, மற்றவை நடைமுறைச் சங்கடங்கள் என்று ஆறுதல் கொள்கிறவர்கள் மற்றொரு சாரார். இவ்விருவரும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பலத்தில் ஏற்றத்தாழ்வு என்பது ஒன்று. உரிமையில் ஏற்றத்தாழ்வு என்பது வேறொன்று. 140 கோடி ஜனங்கள் வாழும் சீனாவும், 21 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் நௌரு தீவும் படையிலும் செல்வத்திலும் ஒருநாளும் சமமாகப் போவதில்லை. அது பூகோளமும் சரித்திரமும் செய்த ஏற்பாடு, அதை எந்த மகாநாட்டின் தீர்மானமும் மாற்றாது. ஆனால் இன்ன நாட்டுக்கு ஆசனம், இன்ன நாட்டுக்கு இல்லை, இன்னவர் செய்தால் குற்றம், இன்னவர் செய்தால் விசாரணையே இல்லை என்ற வரிசை இருக்கிறதே, அதைச் செய்தவர்கள் மனிதர்கள். அது இன்ன ஊரில், இன்ன தேதியில், இன்னின்னார் அமர்ந்திருந்த மேஜையில் செய்யப்பட்டது என்று நம்மால் சுட்டிக் காட்ட முடியும். அப்படிச் சுட்டிக் காட்ட முடிந்த எதையும் திருத்தவும் முடியும் என்பதே என் நம்பிக்கை.

இதற்கு மேல் இன்னொரு விஷயமும் உண்டு. இன்றைய பேச்சின் உயிர்நிலை அதுதான். வரிசையை எதிர்த்துக் குரல் எழுப்பிய நாடுகளின் சரித்திரத்தைக் கூர்ந்து பார்க்கும்போது, அவற்றுள் பல வரிசை கூடாது என்பதற்காக எதிர்க்கவில்லை, தமக்கு அதில் மேலிடம் கிடைக்கவில்லை என்பதற்காகவே எதிர்த்தன என்பது வருத்தத்தோடு தெரிய வருகிறது. கல்யாண வீட்டில் பந்தி வஞ்சனை என்று உரக்கப் பேசியவர், முதற் பந்தியில் தமக்கு ஓர் இலை விழுந்ததும், வெளியே காத்திருப்பவர்களை மறந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவதைப் போன்றதுதான் அது. இதற்குச் சான்றாகச் சில நிகழ்ச்சிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

நெப்போலியனை வீழ்த்திய பின் ஐரோப்பாவைப் பங்கிட வியன்னா நகரில் மகாநாடு கூடியபோது, ஆஸ்திரியா, பிரஷ்யா, ருஷ்யா, பிரிட்டன் ஆகிய நான்கு வல்லரசுகளும் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்வதென்று தீர்மானித்திருந்தன. 1814 செப்டம்பரில் அங்கே வந்து சேர்ந்தார், தோற்ற பிரான்ஸின் மந்திரி தாலிராந்து. நால்வர் மட்டும் கூடி ஐரோப்பாவின் தலைவிதியை எழுத அவர்களுக்கு யார் பாத்தியதை தந்தது என்று அவர் கேட்ட கேள்வி, அழைக்கப்பட்டும் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த சிறு ராஜ்யங்களின் காதில் தேனாகப் பாய்ந்தது. பொதுச் சட்டத்தின் பெயராலும் சிறியோரின் உரிமையின் பெயராலும் மூன்று மாத காலம் வாதாடிய அந்த ராஜதந்திரி, 1815 ஜனவரியில் நால்வர் குழு ஐவர் குழுவாகி, ஐந்தாவது நாற்காலி பிரான்ஸுக்குக் கிடைத்ததும், அந்த வாதத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டார். பழம்பெருமை வாய்ந்த ஜெனோவாக் குடியரசு அதன் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்காமலேயே சார்டீனியா அரசருக்குக் கொடுக்கப்பட்டது. சாக்ஸனி ராஜ்யம் வெட்டப்பட்டு அதன் பெரும்பகுதி பிரஷ்யாவுக்குப் போயிற்று. வல்லரசு என்பது ஒரு வர்ணனையாக இருந்த நிலை மாறி, ஏறக்குறைய ஒரு பதவியாகவே ஆனது அந்த மகாநாட்டில்தான்.

அடுத்தபடியாக ஹேக் நகருக்கு வருவோம். 1907-இல் அங்கே நடந்த இரண்டாம் சமாதான மகாநாட்டுக்கு 44 ராஜ்யங்கள் வந்திருந்தன; தென் அமெரிக்க நாடுகள் பெருந்தொகையாக உலக சபை ஒன்றில் அமர்ந்தது அதுவே முதல் முறை. நிரந்தரமான நீதிமன்றம் ஒன்றை நிறுவ வேண்டும், அதில் 17 நீதிபதிகள் இருக்க வேண்டும், எட்டுப் பெரிய நாடுகளின் நீதிபதிகள் தவணை முழுவதும் வீற்றிருக்க மற்ற நாடுகளின் நீதிபதிகள் அவரவர் தகுதிக்கேற்ற காலம் முறைவைத்து வந்து போக வேண்டும் என்று ஒரு யோசனை அங்கே முன்வைக்கப்பட்டது. படையின் பெருமைக்குத் தக்கபடி நீதியின் பீடத்தில் இடம் அளக்கும் அந்த ஏற்பாட்டை எதிர்த்து எழுந்தார், பிரேசில் நாட்டின் ருய் பார்போசா. அவையில் இருந்த பெரிய மனிதர்கள் முதலில் அவரை அலட்சியமாகவே கேட்டார்கள். அவரோ, நீதியின் முன் ராஜ்யங்களுக்குள் பெரியது சிறியது என்ற பேதம் நுழையுமானால் அது நீதியே ஆகாது என்று ஆணித்தரமாக வாதித்து, சிறிய நாடுகளைத் தம் பக்கம் திரட்டி, அந்த யோசனை நிறைவேறாமலே போகும்படி செய்தார். ஹேக் நகரத்துக் கழுகு என்று அவர் நாட்டார் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் புகழுக்கு அவர் முற்றும் தகுதியானவரே.

ஆனால் பார்போசா காலமாகி மூன்றே ஆண்டுகள் கழித்து நடந்ததைக் கேளுங்கள். 1926-இல் ஜெர்மனியை, ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேர்த்து அதன் கவுன்சிலில் நிரந்தர ஸ்தானம் தருவதென்ற பேச்சு வந்தபோது, அதே பிரேசில், தனக்கும் நிரந்தர ஸ்தானம் தந்தாலொழிய சம்மதியேன் என்று ஒற்றை ஓட்டால் அந்த ஏற்பாட்டைத் தடுத்து நிறுத்திற்று. தன் எண்ணம் பலிக்காது என்று தெரிந்ததும் சங்கத்தை விட்டே வெளியேறுவதாக அறிவித்தது. 1907-இல் ஆசனங்களுக்குள் பேதமே கூடாது என்ற நாடு, 1926-இல் பேதமுள்ள ஆசனம் தனக்குக் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டது.

இவ்விரண்டு காலங்களுக்கும் நடுவே, 1919-இல், பாரிஸ் நகரில் கூடிய சமாதான மகாநாட்டில் ஜப்பான் கொண்டுவந்த பிரேரணையையும் நாம் மறக்கலாகாது. சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் இன சமத்துவம் என்ற தத்துவத்தைச் சேர்க்க வேண்டும் என்று அந்நாட்டுப் பிரதிநிதி மாகினோ வேண்டினார். ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி ஹியூஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஏப்ரல் 11-ஆம் தேதி குழுவில் ஓட்டெடுத்தபோது, வந்திருந்த 17 பேரில் 11 பேர் ஆதரித்தார்கள். ஆயினும் தலைமை வகித்த அமெரிக்க ஜனாதிபதி வில்ஸன், இத்தகைய விஷயத்தில் ஏகமனதான சம்மதம் தேவை என்று கூறி அதைத் தள்ளிவிட்டார். அது ஒரு பெரிய அநீதி. ஆசிய மக்களின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்த அநீதி. ஆனால் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மார்ச் முதல் தேதி சுதந்திரம் கேட்டு எழுந்த கொரிய ஜனங்களை, ஜப்பானியப் படைகள் அதே வாரங்களில்தான் ஈவிரக்கமின்றி ஒடுக்கிக்கொண்டிருந்தன. சீனாவின் ஷாண்டுங் பிரதேசத்தில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகள் தனக்கே சேர வேண்டும் என்று ஜப்பான் வாதாடி வென்றதும் அதே பாரிஸ் மகாநாட்டில்தான். வெள்ளையருக்குச் சமமாகத் தான் அமர வேண்டும் என்பது அதன் கோரிக்கை. கொரியன் தனக்குச் சமமாக அமர வேண்டும் என்பது அதன் கோரிக்கையில் அடங்கவில்லை.

இனி, 1945-க்கும் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கும் வருவோம். ஏப்ரல் 25 முதல் ஜூன் 26 வரை அங்கே சாசனத்தை வகுக்க 50 நாடுகள் கூடியிருந்தன. வீட்டோ அதிகாரத்தின் அமைப்பு, அவர்கள் வருமுன்பே, பிப்ரவரி மாதம் யால்டாவில் மூன்று வல்லரசுகளின் தலைவர்களால் முடிவு செய்யப்பட்டுவிட்டது. வந்தவர்களோ அதை மௌனமாக ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் எவாட்டும் நியூஸிலாந்தின் பிரேஸரும் முன்னின்று, எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் வல்லரசு தன் வீட்டோவைப் பிரயோகிக்கும், தகராறுகளைச் சமாதானமாகத் தீர்ப்பதற்குக்கூட அது குறுக்கே நிற்குமா என்று நுணுகி நுணுகிக் கேட்டார்கள். சிறிய நாடுகளின் சார்பில் 23 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று வல்லரசுகளிடம் கொடுக்கப்பட்டது. அதற்கு ஜூன் 7-ஆம் தேதி வந்த பதிலின் சாரம், சமாதான முயற்சியும் படிப்படியாகப் பலப்பிரயோகத்தில் போய் முடியக்கூடும், ஆகையால் தொடக்கத்திலேயே எங்கள் சம்மதம் வேண்டும் என்பதாக இருந்தது.

விவாதம் முற்றியிருந்த ஒரு நாளில் நடந்ததை, டெக்ஸாஸ் மாகாணத்திலிருந்து வந்த அமெரிக்க செனட்டர் டாம் கன்னலி தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். பேச எழுந்த அவர், நீங்கள் ஊருக்குத் திரும்பி வீட்டோவை முறியடித்துவிட்டோம் என்று பெருமை பேசிக்கொள்ளலாம், ஆனால் சாசனத்தையே கிழித்துப் போட்டுவிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பொருள்படப் பேசிக்கொண்டே, தம் கையிலிருந்த நகல் பிரதியை எல்லாரும் பார்க்கச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து மேஜைமேல் எறிந்தார். வீட்டோவுடன் கூடிய சபை, அல்லது சபையே இல்லை. இரண்டில் ஒன்று என்பது அதன் கருத்து. ஜூன் 13-ஆம் தேதி ஓட்டெடுத்தபோது ஆஸ்திரேலியாவின் திருத்தத்துக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 20. எப்பக்கமும் சேராதவர்கள் 15. பின்னர் யால்டா ஏற்பாட்டை ஏற்கும் தீர்மானத்தை எதிர்த்து ஓட்டளித்தவை கொலம்பியாவும் கியூபாவும் மட்டுமே. ஆறு ஆண்டு யுத்தத்தில் நகரங்கள் சாம்பலாகிக் கிடந்த அந்த நேரத்தில், குறையுள்ள சபையேனும் வேண்டும் என்று மற்ற நாடுகள் இசைந்ததை நாம் கோழைத்தனம் என்று ஏசுவது தகாது. நிர்ப்பந்தம் இருந்தது, அந்த நிர்ப்பந்தத்திலும் அவர்கள் ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டார்கள். சாசனத்தின் எல்லைக்குட்பட்ட எந்த விஷயத்தையும் விவாதிக்கப் பொதுச்சபைக்கு அதிகாரம் உண்டு என்ற 10-ஆம் ஷரத்தை, ருஷ்யாவின் ஆக்ஷேபத்தை மீறி, மகாநாட்டின் கடைசி நாட்கள் வரை போராடி எவாட் பெற்றார். வீட்டோ நுழைய முடியாத வாசல் அது ஒன்றே.

அந்தச் சாசனத்தில் இந்தியாவின் பெயரால் ஒப்பமிட்டவர்கள் நம் தமிழகம் நன்கு அறிந்த இருவர்: நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஆர்க்காடு இராமசாமி முதலியார், சுதேச சமஸ்தானங்களின் சார்பில் வந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரி. இருவரும் ஆற்றல் மிக்கவர்கள். முதலியார் அடுத்த ஆண்டில் பொருளாதார சமூக சபையின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்றவர். ஆயினும் அவர்களை அனுப்பியது பிரிட்டிஷ் அரசாங்கம். அந்த மகாநாடு நடந்த நாட்களில் பெரும்பகுதி ஜவஹர்லால் நேரு சிறையில் இருந்தார். அவருடைய சகோதரி விஜயலட்சுமி பண்டிட் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு நேரில் சென்று, வந்திருப்பவர்கள் இந்திய ஜனங்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று மகாநாட்டுக்கு விண்ணப்பம் கொடுத்து, மேடைகளில் முழங்கினார். இறைமையே இல்லாத ஒரு நாடு, இறைமையில் எல்லாரும் சமம் என்ற ஏட்டில் கையெழுத்துப் போட்டது.

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் இந்த ஏற்பாடுகள் அனைத்தும் ஒரே வாரத்தில் சோதனைக்கு வந்தன. 1956 ஜூலை 26-ஆம் தேதி எகிப்தின் நாசர் ஸூயஸ் கால்வாயைத் தேசவுடைமையாக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், அதனுடன் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்ட பிரிட்டனும் பிரான்ஸும் எகிப்தைத் தாக்கின. பாதுகாப்புச் சபையில் அக்டோபர் 30-ஆம் தேதி வந்த தீர்மானத்தைப் பிரிட்டனும் பிரான்ஸும் வீட்டோ செய்தன. அப்போதுதான் எவாட் பெற்றுத் தந்த வாசல் பயன்பட்டது. விஷயம் பொதுச்சபைக்குப் போயிற்று. நவம்பர் 2-ஆம் தேதி விடியுமுன்பே, யுத்த நிறுத்தம் கோரும் தீர்மானம் 64 ஓட்டுகளுக்கு 5 என்ற கணக்கில் நிறைவேறிற்று. அந்த ஐந்து எதிர் ஓட்டுகள் யாருடையவை? பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எதிர்பார்க்கக் கூடியவையே. மற்ற இரண்டும் ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும். ஸான் பிரான்ஸிஸ்கோவில் சிறியோரின் படைத்தலைவர்களாக நின்ற அதே நாடுகள், அரசாங்கம் மாறி, தம் உறவினரான பெரிய நாட்டின் பக்கம் பேச வேண்டிய வேளை வந்ததும், தாம் கட்டிய வாசலிலேயே குறுக்கே நின்றன.

பிரிட்டன் பணிந்தது, ஆனால் 64 ஓட்டுகளுக்கு மட்டும் அது பணிந்தது என்று எண்ணுவது பேதைமை. பவுன் நாணயத்தின் மதிப்பு ஆட்டம் கண்டு, கையிருப்பு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது. படைகளைத் திரும்பப் பெற்றாலொழிய உதவி இல்லை, சர்வதேச நாணய நிதியத்திலிருந்து பணம் எடுக்கவும் ஆதரவு இல்லை என்று அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவரின் அரசாங்கம் சொல்லிவிட்டது. நவம்பர் 6-ஆம் தேதி நள்ளிரவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. டிசம்பர் முடிவதற்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கப்பலேறிவிட்டன. வல்லரசுகளுக்குள்ளேயும் மேல்படி, கீழ்ப்படி உண்டு என்பதை உலகம் அன்று கண்ணாரக் கண்டது.

அதே நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில் ருஷ்யாவின் டாங்கிகள் புடாபெஸ்ட் நகரத்துக்குள் நுழைந்தன. ஹங்கேரியின் பிரதம மந்திரி இம்ரே நாகி மூன்று நாட்களுக்கு முன்புதான் தம் நாடு எந்தக் கூட்டிலும் சேராது என்று பிரகடனம் செய்து ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்பைக் கேட்டிருந்தார். ஸூயஸுக்குத் திறந்த அதே பொதுச்சபை ஹங்கேரிக்கும் திறந்தது, தீர்மானங்கள் நிறைவேறின, ருஷ்யா அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. அதை நிர்ப்பந்திக்கக் கூடிய வேறொரு கை உலகில் இல்லை. நாகி 1958-இல் தூக்கிலிடப்பட்டார். இங்கே நம்முடைய நடத்தையையும் நாம் மறைக்கலாகாது. எகிப்துக்காக இடிமுழக்கம் செய்த இந்தியா, நவம்பர் 4-ஆம் தேதி ஹங்கேரித் தீர்மானத்தில் எப்பக்கமும் சேராமல் ஒதுங்கிற்று. அந்நாட்டில் சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்று 9-ஆம் தேதி வந்த தீர்மானத்தை எதிர்த்தே ஓட்டளித்தது. ஜயப்பிரகாச நாராயணர் போன்றவர்கள் அப்போதே மனம் நொந்து கண்டித்தார்கள். கூட்டுச் சேராமை என்பது நியாயத்திலும் சேராமை ஆகிவிடக் கூடாது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

படையும் ஓட்டும் போலவே பணமும் ஒரு வரிசையை உண்டாக்குகிறது. 1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகள் கூடி உலகப் பொருளாதாரத்தின் புதிய அமைப்பை வகுத்தபோது, இந்தியப் பிரதிநிதிகளுள் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் ஒருவர். யுத்த காலத்தில் இந்தியா தந்த பண்டங்களுக்காகவும் சேவைகளுக்காகவும் பிரிட்டன் நமக்கு அப்போது பல கோடி பவுன் கடன்பட்டிருந்தது. அந்தக் கடனில் ஒரு பகுதியையேனும் வேறு நாணயமாக மாற்றிக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் மன்றாடினார்கள். அது இரு நாடுகளும் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று கூறி, பிரிட்டனின் பிரதிநிதி கெய்ன்ஸ் பிரபு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடன் கொடுத்தவன் கைகட்டி நிற்க, கடன்பட்டவன் சபைக்கு விதி எழுதிய காட்சி அது. அங்கே பிறந்த நாணய நிதியத்தில் ஓட்டு என்பது பணத்தின் அளவுக்குத் தக்கபடி கிடைப்பது. மிக முக்கியமான முடிவுகளுக்கு நூற்றுக்கு 85 ஓட்டு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் நூற்றுக்குப் பதினாறுக்கு மேல் இருக்கிறது. வீட்டோ என்ற சொல் அங்கே எழுதப்படவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

இவ்வளவையும் கேட்டபின், சிறிய நாடுகளுக்கு விமோசனமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, அதற்கும் சரித்திரம் சாட்சி சொல்கிறது. 1964-இல் சுதந்திரம் பெற்ற மால்டா என்னும் சின்னஞ்சிறு தீவின் பிரதிநிதி அர்விட் பார்டோ, 1967 நவம்பர் முதல் தேதி பொதுச்சபையில் எழுந்து, ஆழ்கடலின் அடித்தளம் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமாகாமல் மனிதகுலம் அனைத்துக்கும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று நீண்டதோர் உரை நிகழ்த்தினார். அந்த உரையிலிருந்து தொடங்கிய முயற்சி, 1982-இல் நிறைவேறிய கடற்சட்ட உடன்படிக்கையில் 136-ஆம் ஷரத்தாக வந்து நின்றது. 1976-இல் ஐஸ்லாந்து, சுமார் 2,20,000 ஜனங்களே உள்ள நாடு, தன் மீன்வளத்தைக் காக்கப் பிரிட்டனின் போர்க்கப்பல்களை எதிர்த்து நின்று, தன் மண்ணில் இருந்த நேட்டோ தளத்தின் முக்கியத்துவத்தைத் தக்க தருணத்தில் நினைவூட்டி, 200 மைல் எல்லையை ஒப்புக்கொள்ளச் செய்தது. 2022 ஏப்ரல் 26-ஆம் தேதி, லீக்டன்ஸ்டைன் என்ற குறுநிலம் முன்கை எடுத்ததன் பயனாக, இனி எந்த வல்லரசு வீட்டோ செய்தாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்கும் என்ற தீர்மானம் நிறைவேறிற்று. கடல்மட்டம் உயர உயர அபாயம் பெருகிவரும் தீவு நாடான வனுவாட்டு, 2023-இல் பொதுச்சபையின் ஏகோபித்த சம்மதத்தைப் பெற்று, பருவநிலை விஷயத்தில் ராஜ்யங்களின் கடமை என்ன என்ற கேள்வியை உலக நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23-ஆம் தேதி அந்த நீதிமன்றம் பதில் தந்தது, கடமை உண்டு என்று.

இவர்கள் எப்படி வென்றார்கள்? ஐஸ்லாந்து தன் கையிலிருந்த பேரத்தால் வென்றது. மற்ற மூவரும் தமக்கென்று ஒரு ஸ்தானமும் கேட்கவில்லை. எல்லாரையும், தம்மையும் கூட, ஒருங்கே கட்டும் ஒரு விதியைக் கேட்டார்கள். தனக்கு மட்டும் பயன்படுவதைக் கேட்கிறவனுக்குத் துணை வருகிறவர்கள் குறைவு. விதியைக் கேட்கிறவனுக்குத் துணை பெருகும். வல்லரசு அந்த விதியை மீறலாம், மீறியும் இருக்கிறது. 1986 ஜூன் 27-ஆம் தேதி உலக நீதிமன்றம் நிகராகுவாவின் வழக்கில், அந்நாட்டின் மேல் அமெரிக்கா செய்த பலப்பிரயோகம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை அமெரிக்கா பாதுகாப்புச் சபையில் வீட்டோ செய்துவிட்டது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு அழியவில்லை. அதன்பின் பலப்பிரயோகத்தைப் பற்றி எழும் ஒவ்வொரு வழக்கிலும் அது எடுத்துக் காட்டப்படுகிறது. குற்றத்துக்குக் குற்றம் என்ற பெயராவது நிலைத்தது. பெயர் நிலைத்த இடத்தில் பரிகாரம் ஒருநாள் வர இடமுண்டு.

இனி நம் நாட்டின் விஷயம். 51 நாடுகளோடு தொடங்கிய ஐக்கிய நாடுகள் சபையில் இன்று 193 நாடுகள் இருக்கின்றன. பாதுகாப்புச் சபையின் ஆசனங்கள் 1965-இல் 11-லிருந்து 15 ஆயின. நிரந்தர ஸ்தானங்களோ அன்றும் ஐந்து, இன்றும் ஐந்து. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. 2005-இல் இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் கூடித் தங்களுக்கு நிரந்தர ஸ்தானம் வேண்டும் என்று கோரின. பதினைந்து ஆண்டுகளுக்கு வீட்டோவைப் பயன்படுத்தாமல் இருக்கவும் இசைந்தன. பாரிஸில் பேசிய ஜப்பானும் ஹேக்கில் பேசிய பிரேசிலும் நம்மோடு நிற்பதைக் கவனியுங்கள். மனித ஜாதியில் ஆறில் ஒரு பங்கைத் தன்னிடம் கொண்ட தேசம், யுத்தமா சமாதானமா என்று தீர்மானிக்கும் அறைக்கு வெளியே நிற்பது நியாயமன்று. ஆகவே நம் கோரிக்கை நியாயமானதே. ஆனால் நியாயமான கோரிக்கையிலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. உள்ளே போனபின் கதவை என்ன செய்வோம்? தகராறில் தானே ஒரு கட்சியாக இருக்கும் நாடு, சமாதானத் தீர்வு பற்றிய ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளாமல் விலக வேண்டும் என்று 27-ஆம் ஷரத்து இன்றும் சொல்கிறது; வல்லரசுகள் அதைக் காற்றில் பறக்கவிட்டிருக்கின்றன. அந்த விதியை நாங்கள் எழுத்துக்கு எழுத்து அனுசரிப்போம், எங்கள் சொந்த விவகாரத்திலும் அனுசரிப்போம் என்று இந்தியா இன்றே, ஆசனம் கிடைக்குமுன்பே, பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். அப்படிச் சொன்னால் நம் கோரிக்கை மற்ற சிறிய நாடுகளின் கோரிக்கையும் ஆகிவிடும்.

நம் வாசலிலேயே நமக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பூட்டானுடன் நாம் செய்துகொண்ட உடன்படிக்கையின் 2-ஆம் ஷரத்தில், அந்நாடு தன் வெளிவிவகாரங்களில் இந்திய அரசாங்கத்தின் ஆலோசனைப்படி நடக்கச் சம்மதிப்பதாக எழுதப்பட்டிருந்தது. அந்நிய ஆட்சியின் கீழ் இருந்து விடுதலையாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாம், நம்மிலும் சிறிய அயலானிடம், முன்பு பிரிட்டிஷார் எழுதி வாங்கிய வாசகத்தையே ஏறக்குறைய அப்படியே எழுதி வாங்கினோம். 2007-இல் அந்த ஷரத்து மாற்றப்பட்டு, தேசிய நலன் சம்பந்தமான விஷயங்களில் இரு நாடுகளும் நெருங்கி ஒத்துழைக்கும் என்று ஆயிற்று. இதனால் இந்தியாவின் பெருமை குறைந்ததா? பூட்டானுடன் நமக்குள்ள நட்பு தளர்ந்ததா? இரண்டும் இல்லை. பலத்தில் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. உரிமையில் எழுதப்பட்டிருந்த வித்தியாசம் மட்டும் நீங்கியது. நான் தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இளைஞர்களே, நாளை நீங்கள் பத்திரிகையில் சர்வதேசச் செய்திகளைப் படிக்கும்போது, எந்த நாடு நம் நண்பன், எந்த நாடு பகைவன் என்பதோடு நின்றுவிடாதீர்கள். சமத்துவம் பேசும் நாடு எதுவாயினும், அது கேட்கும் விதி அதையே கட்டுமா, தன்னைவிடச் சிறியவனுக்கும் அதே விதியைத் தர அது தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அமெரிக்காவையும் சீனாவையும் ருஷ்யாவையும் நோக்கிக் கேளுங்கள். அதே குரலில், அதே கண்டிப்போடு, நம் தேசத்தை நோக்கியும் கேளுங்கள். தன் அரசாங்கத்திடம் அதைக் கேட்கத் துணியாத ஜனங்கள், உலகத்திடம் சமத்துவம் கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறார்கள்.